விலங்கு கற்பித்த பாடம்

ருஷ்ய நாவலாசிரியர் டொஸ்டொயெவ்ஸ்கியின் முதல் நாவலான 'ஏழை மக்கள்' 1846ஆம் ஆண்டு வெளிவந்தபொழுது அவருக்கு வயது 24. விமரிசகர் பெலின்ஸ்கி அதனை வியந்து போற்றினார். புகழுடன் செருக்கும் புகுந்தது. இலக்கிய நண்பர்கள் அவரது தற்பெருமையை எள்ளிப் பாப்புனைந்தனர். மனம் நொந்து அவர்களைவிட்டு விலகினார்.

1849இல், பெத்ராஷெவ்ஸ்கி குழுவிற் பங்குகொண்டமைக்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கொலைக்களத்திலே முதல் மூவரைக் கம்பங்களிற் பிணித்துத் துப்பாக்கிகள் குறிபார்த்தன. அடுத்த மூவருள் அவர் ஒருவர். அவ்வேளையில் மன்னரின் ஆணை வந்து தண்டனையை மாற்றிற்று. சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் கால்விலங்குடன் உழைத்தார். உயர்குலத்தான் என்று குடியானவக் கைதிகள் அவரை வெறுத்தனர். அவ்வெறுப்பின் நடுவே வாழ்ந்து, கொலைஞரிடத்தும் மறைந்துகிடந்த மனிதப் பண்பைக் காணக் கற்றார்.

விடுதலையின் பின்பும் காக்கைவலிப்பும் கடனும் சூதாட்ட மோகமும் அவரை வருத்தின. ஆயினும் 1866இல் 'குற்றமும் தண்டனையும்', 1880இல் 'கரமசோவ் சகோதரர்கள்' நிறைவெய்தின. முன்னதன் நாயகன் தன்னை ஏனையோரினும் மேலானவனென்று எண்ணிக் கொலைபுரிந்த மாணவன். அவனும் ஈற்றிலே சைபீரியச் சிறையில், சக கைதிகளின் வெறுப்பினிடையே மனந்திரும்புகிறான். தம்முள் இருந்த செருக்கைக் கூர்ந்து நோக்கி, அதனையே இலக்கியமாக்கி வென்றவர் டொஸ்டொயெவ்ஸ்கி.