ஜான் மேனார்ட் கெயின்ஸ்

ஜான் மேனார்ட் கெயின்ஸ் (ஜூன் 5, 1883 – ஏப்ரல் 21, 1946) பிரித்தானியப் பொருளியலாளர் ஆவார். பேரினப் பொருளியல் என்னும் துறை இன்றுள்ள வடிவைப் பெறுவதற்கு இவரது எழுத்துக்கள் பெரிதும் காரணமாயின. வேலையின்மை மிகுந்த காலத்தில் அரசு கடன் பெற்றேனும் செலவு செய்யவேண்டும் என்ற கருத்துடனேயே இவரது பெயர் பெரும்பாலும் இணைத்துப் பேசப்படுகின்றது. எனினும் நாணயமாற்று வீதம், தங்கத் திட்டம், நாடுகளுக்கிடையிலான கடன் ஆகியவையே இவர் வாழ்நாள் முழுவதும் விடாது ஆராய்ந்த பொருள்களாகும். இவரது முதல் நூல் இந்திய ரூபாயைப் பற்றியது. இறுதிப் பணி பன்னாட்டு நாணய நிதியத்தைத் தொடக்கி வைத்தது.

இளமையும் கல்வியும்

கெயின்ஸ் இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் நகரில் பிறந்தார். தந்தை ஜான் நெவில் கெயின்ஸ் பொருளியலும் அளவையியலும் கற்பித்தவர். தாய் புளோரன்ஸ் ஏடா கெயின்ஸ் பின்னாளில் அந்நகரின் மேயராகப் பதவி வகித்தார். ஈட்டன் பள்ளியில் பயின்ற கெயின்ஸ், 1902 இல் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து 1905 இல் கணிதத்தில் பட்டம் பெற்றார். பொருளியலை முறையாகப் பாடமாகக் கற்றது ஆல்பிரட் மார்ஷலிடம் சில மாதங்கள் மட்டுமே. இத்துறையில் இவர் எந்தப் பட்டமும் பெறவில்லை.

1906 ஆம் ஆண்டு அரசுப் பணித் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்ற ஓட்டோ நீமேயர் நிதித்துறையைத் தெரிவு செய்துகொண்டதால், கெயின்சுக்கு இந்திய அலுவலகம் கிடைத்தது. இவ்விருவரும் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு பெரும் கொள்கை விவாதத்தில் எதிரெதிர் அணியில் அமர நேர்ந்தது.

இந்திய நாணயம் பற்றிய நூல்

இந்திய அலுவலகத்தில் கெயின்ஸ் பணியாற்றியது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலமே. 1908 இல் பதவி விலகிக் கேம்பிரிட்ச் திரும்பினார். ஆனால் அங்கு கண்ட கோப்புக்களின் அடிப்படையில் 1913 இல் "இந்திய நாணயமும் நிதியும்" என்ற நூலை வெளியிட்டார். இவர் இந்தியாவுக்கு ஒருமுறையேனும் வந்ததில்லை.

அக்கால ரூபாயின் நிலை விந்தையானது. 1893 வரை எவரும் வெள்ளியைக் கொண்டுசென்று அரசு அக்கசாலையில் ரூபாயாக அடித்துக்கொள்ள முடிந்தது. வெள்ளியின் விலை வீழ்ந்துகொண்டே சென்றதால் அவ்வாண்டில் இவ்வுரிமை நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் ரூபாயின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் மதிப்பைவிட உயர்ந்து, ஒரு ரூபாய் 1 சில்லிங் 4 பென்சு என்ற வீதத்தில் (ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய்) நிலைநிறுத்தப்பட்டது. இந்தியப் பொருள்களை வாங்குவோர் இலண்டனில் பவுண்டு செலுத்தி, இந்தியச் செயலரிடமிருந்து உண்டியல்களைப் பெறுவர். அவ்வுண்டியல்களுக்குக் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய இடங்களில் ரூபாய் வழங்கப்பட்டது. ரூபாய் வலுவிழந்தால் இதற்கு எதிர்த்திசையில், இந்தியாவில் பவுண்டு உண்டியல்கள் விற்கப்பட்டன. 1907–08 நெருக்கடியின்போது இவ்வாறே நிகழ்ந்தது. இவ்வாறு, மக்கள் கையில் தங்கக் காசு இல்லாமலேயே தங்கத்துடன் இணைந்த நாணயமாக ரூபாய் விளங்கியது.

இந்த ஏற்பாட்டைப் பலரும் அரைகுறையான ஒன்றாகவே கருதினர். கெயின்சோ இதுவே முன்னேறிய முறை என வாதிட்டார். மக்கள் சட்டைப்பையில் தங்கம் புழங்குவது வீண் என்பதும், நாட்டிடையே கடன் தீர்ப்பதற்கு மட்டும் தங்கம் இருந்தால் போதும் என்பதும் இவரது துணிபு. இந்தியாவுக்கு ஒரு நடுவண் வங்கி தேவை என்ற கருத்தையும் முன்வைத்தார். இந்திய நிதி, நாணய ஆணைக்குழுவில் (1913–14) உறுப்பினராக இருந்தபோது அதற்கான திட்டம் ஒன்றையும் வரைந்தார். முதல் உலகப் போர் மூண்டதால் அது கைவிடப்பட்டது. இந்திய ரிசர்வ் வங்கி 1935 இல்தான் தோன்றியது.

இந்நூல் தெளிவுக்குப் பெயர் பெற்றது எனினும், இந்தியாவின் சேமிப்பு இலண்டனில் இருப்பதால் யாருக்கு நன்மை என்று இந்தியத் தலைவர்கள் எழுப்பிய கேள்வியை இவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கண்கொண்டே நோக்கினார் எனலாம். அக்கேள்வி முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வேறு உருவில் இவர் முன் வந்தது.

போரும் அமைதி உடன்படிக்கையும்

1915 இல் கெயின்ஸ் நிதித்துறையில் சேர்ந்தார். நேச நாடுகளுக்குக் கடன் கொடுப்பதும், அதற்காக அமெரிக்காவிடம் கடன் வாங்குவதும் இவர் கவனித்த பணிகள். 1919 இல் பாரிஸ் அமைதி மாநாட்டில் நிதித்துறையின் சார்பாளராகக் கலந்துகொண்டார். செருமனியிடம் கேட்கப்பட்ட இழப்பீட்டை அந்நாடு ஒருபோதும் செலுத்த இயலாது எனக் கண்டு, சூன் மாதத்தில் பதவி விலகினார். அவ்வாண்டு திசம்பரில் வெளியான "அமைதியின் பொருளாதார விளைவுகள்" இவரை உலகறியச் செய்தது. இழப்பீடு செலுத்த வேண்டுமாயின் செருமனி இறக்குமதியை விட மிகுதியாக ஏற்றுமதி செய்தாகவேண்டும்; அந்த ஏற்றுமதியை வாங்க வெற்றி பெற்ற நாடுகள் ஆயத்தமாக இல்லை என்பதே இதன் சாரம். செருமனியால் செலுத்த இயலும் என இவர் மதிப்பிட்ட தொகை 200 கோடி பவுண்டு. 1921 இல் நேச நாடுகள் விதித்ததோ 13,200 கோடி தங்க மார்க்கு. அதாவது ஏறத்தாழ 660 கோடி பவுண்டு. இந்நூல் செருமனிக்கு மிகையான இரக்கம் காட்டியது என்ற குற்றச்சாட்டும் பின்னாளில் எழுந்தது.

இதே காலத்தில் இவர் நாணயச் சந்தையில் சூதாடியதும் குறிப்பிடத்தக்கது. ஐரோப்பிய அரசுகளின் வரவுசெலவுத் திட்டங்கள் சீர்குலைந்திருந்தமையால் மார்க்கு, பிராங்கு, லிரா ஆகியவை வீழும் எனக் கணித்து, அவற்றை முன்பேர வணிகத்தில் விற்றார். நண்பர்களின் பணமும் இதில் இருந்தது. 1920 இன் வேனிற்காலத்தில் அந்நாணயங்கள் சிறிது காலம் ஏறவே, முதலீடு முழுவதும் அழிந்தது. நிதியாளர் எர்னஸ்ட் காசெல் அளித்த 5,000 பவுண்டுக் கடனாலும் நூல் வருவாயாலும் மீண்டு, நண்பர்களுக்குச் சேரவேண்டியதை அடைத்தார். நெடுங்காலப் போக்கில் இவரது கணிப்பு சரியே. மார்க்கு மூன்று ஆண்டுகளில் காகிதமாயிற்று. கணிப்பு மெய்ப்படும் வரை கையில் பணம் இருக்கவேண்டும் என்பதை இவர் சொந்த இழப்பில் கற்றார். 1923 இல் எழுதிய "நாணயச் சீர்திருத்தம் பற்றிய ஆய்வுரை"யில், முன்பேர நாணயமாற்று வீதத்துக்கும் இரு நாடுகளின் வட்டி வீத வேறுபாட்டுக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். இன்றும் பாடநூல்களில் இடம்பெறும் வட்டிச் சமநிலைக் கோட்பாட்டுக்கு அதுவே அடிப்படை.

தங்கத் திட்டமும் சர்ச்சிலும்

போரின்போது பிரித்தானியா தங்கத் திட்டத்திலிருந்து நடைமுறையில் விலகியிருந்தது. போருக்கு முந்திய வீதமான ஒரு பவுண்டுக்கு 4.86 டாலர் என்பதற்கே திரும்பவேண்டும் என்பதில் இங்கிலாந்து வங்கியும் நிதித்துறையும் உறுதியாக இருந்தன. 1925 மார்ச்சில் நிதி அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில், இரு தரப்பினரையும் ஓர் இரவு விருந்துக்கு அழைத்து வாதங்களைக் கேட்டார். கெயின்சும் ரெசினால்ட் மெக்கன்னாவும் எதிர்த்தனர். நீமேயரும் ஜான் பிராட்பரியும் ஆதரித்தனர். ஏப்ரல் 28 அன்று தங்கத் திட்டத்துக்குத் திரும்புவதாகச் சர்ச்சில் அறிவித்தார்.

கெயின்சின் கணக்குப்படி இவ்வீதம் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகையானது. அவ்வாறாயின் பிரித்தானிய ஏற்றுமதியாளர் வெளிநாட்டில் விலைபோக வேண்டுமெனில், உள்நாட்டுக் கூலியை அதே அளவு குறைக்கவேண்டும். எல்லாக் கூலியும் ஒரே நாளில் குறையப்போவதில்லை. ஆகவே வேலையின்மையைக் கொண்டு ஒவ்வொரு தொழிலாகப் பணிய வைப்பதே எஞ்சிய வழி. முதலில் அகப்படுவோர் நிலக்கரித் தொழிலாளர் என இவர் எழுதினார். சுரங்க முதலாளிகள் கூலிக் குறைப்பை அறிவித்தனர். 1926 மே மாதத்தில் பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாட்கள் நீடித்தது. 1931 செப்டம்பர் 21 அன்று பிரித்தானியா தங்கத் திட்டத்தைக் கைவிட்டது.

1925 ஆகத்து மாதத்தில் கெயின்ஸ் உருசிய நடன மங்கை லிடியா லோபோக்கோவாவை மணந்தார்.

அரசுச் செலவும் பொதுக் கோட்பாடும்

நாணயமாற்று வீதத்தைக் காக்க வட்டியை உயர்த்த வேண்டியிருக்கும் வரை, உள்நாட்டு வேலைவாய்ப்பு அதற்குப் பலியாகும் என்பதை 1920களின் பட்டறிவு இவருக்கு உணர்த்தியது. 1936 இல் வெளியான "வேலைவாய்ப்பு, வட்டி, பணம் பற்றிய பொதுக் கோட்பாடு" இவரது தலைசிறந்த நூலாகக் கருதப்படுகின்றது. மொத்தக் கேள்வி குறையும்போது பொருளாதாரம் தானாகவே முழு வேலைவாய்ப்புக்குத் திரும்பிவிடாது என இதில் காட்டினார். ஒருவரின் செலவு மற்றவரின் வருமானம் ஆகையால், அரசு செய்யும் செலவு அதனினும் கூடுதலான வருமானத்தை உண்டாக்கும் என்ற பெருக்கிக் கருத்தை, மாணவர் ரிச்சர்ட் கானிடமிருந்து பெற்று விரிவாக்கினார். இதில் வெளிநாட்டு வணிகம் பெரும்பாலும் ஒதுக்கியே வைக்கப்பட்டுள்ளது என்பது, இவரது ஏனைய எழுத்துக்களைப் படித்தோருக்கு வியப்பளிக்கும்.

எப்போதும் பற்றாக்குறை வரவுசெலவையே விரும்பியவர் என்று இவரைக் கருதுவது பிழை. 1940 இல் வெளியிட்ட "போருக்குப் பணம் திரட்டுவது எவ்வாறு" என்ற சிறு நூலில் இதற்கு நேர்மாறான மருந்தைப் பரிந்துரைத்தார். அப்போது ஆட்களுக்கும் பொருள்களுக்கும் தட்டுப்பாடு நிலவியது. எனவே விலையேற்றத்தைத் தடுக்க வரியைக் கூட்டி, ஊதியத்தின் ஒரு பகுதியைப் போர் முடியும்வரை பிடித்துவைக்க வேண்டும் என்றார். 1941 வரவுசெலவுத் திட்டம் இதனை ஓரளவு ஏற்றது.

தீர்வகத் திட்டமும் பிரெட்டன் வூட்சும்

1937 இல் ஏற்பட்ட இதய நோய்க்குப் பின்னரும் கெயின்ஸ் ஊதியம் பெறாது நிதித்துறைக்கு ஆலோசகராகப் பணியாற்றினார். 1941 முதல் இவர் வரைந்த பன்னாட்டுத் தீர்வக ஒன்றியத் திட்டம் 1943 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு நாட்டின் நடுவண் வங்கியும் பாங்கோர் என்ற பொது அலகில் கணக்கு வைத்திருக்கும். ஏற்றுமதி மிஞ்சினால் வரவும், இறக்குமதி மிஞ்சினால் பற்றும் எழுதப்படும். பற்று தனது பங்களவில் கால்பகுதியைத் தாண்டிய நாடு ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம் செலுத்தவேண்டும். வரவு அதே அளவைத் தாண்டிய நாடும் அவ்வாறே செலுத்தவேண்டும். அரையளவைத் தாண்டினால் மேலும் 1 விழுக்காடு. கடன்பட்ட நாடு மட்டும் வயிற்றைக் கட்டினால் உலக வணிகம் சுருங்கும். கடன் கொடுத்த நாடும் தன் பங்குக்கு வாங்கவேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

போருக்குப் பின் உலகின் பெரும் கடன்கொடுநராக விளங்கப்போவது அமெரிக்காவே என்பதால், அந்நாடு இதனை ஏற்கவில்லை. ஹாரி டெக்ஸ்டர் வைட் வரைந்த, முன்கூட்டியே வரையறுத்த பங்களிப்புக் கொண்ட நிதியமே முன்னெடுக்கப்பட்டது. 1944 சூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்சில் 44 நாடுகள் கூடி, பன்னாட்டு நாணய நிதியத்தையும் உலக வங்கியையும் உருவாக்கின. வங்கி பற்றிய குழுவுக்குக் கெயின்ஸ் தலைமை தாங்கினார். டாலர் தங்கத்துடன் ஓர் அவுன்சுக்கு 35 டாலர் என இணைக்கப்பட்டது. ஏனைய நாணயங்கள் நிலையான, ஆனால் தேவைப்படின் மாற்றத்தக்க வீதத்தைப் பெற்றன.

இந்தியக் குழுவில் சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராஃப் ஆகியோருடன், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சரான கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இடம்பெற்றிருந்தார். போர்ச் செலவுக்காக இந்தியாவில் ரூபாய் நோட்டுக்கள் அச்சிடப்பட்டு, அவற்றுக்கு ஈடாக இலண்டனில் பவுண்டுக் கடன் எழுதப்பட்டு வந்தது. இதனால் விளைந்த விலையேற்றம் 1943 வங்காளப் பஞ்சத்துக்கான காரணங்களுள் ஒன்று. போர் முடிவில் பிரித்தானியா இந்தியாவுக்குச் சுமார் 130 கோடி பவுண்டு கடன்பட்டிருந்தது. இக்கடனின் ஒரு பகுதியையேனும் டாலராக மாற்ற நிதியம் உதவவேண்டும் என இந்தியக் குழு கேட்டது. அது பிரித்தானியாவும் கடன் கொடுத்த நாடுகளும் தமக்குள் தீர்க்கவேண்டியது எனக் கெயின்ஸ் மறுத்துவிட்டார். கடன் கொடுத்தோரும் பொறுப்பேற்க வேண்டும் என வாதிட்டவர், கடன்பட்ட பேரரசின் வழக்குரைஞராகவும் இருந்தார்.

அமெரிக்கக் கடனும் மறைவும்

1945 ஆகத்தில் போர் முடிந்தவுடன் அமெரிக்கா தனது கடன்–குத்தகை உதவியை நிறுத்தியது. கெயின்ஸ் 500 கோடி டாலரை நன்கொடையாகப் பெறலாம் என்ற நம்பிக்கையுடன் வாசிங்டன் சென்றார். மூன்று மாதப் பேச்சுக்குப் பின் கிடைத்தது 375 கோடி டாலர் கடன், 2 விழுக்காடு வட்டியுடன். ஓராண்டுக்குள் பவுண்டைத் தடையின்றி டாலராக மாற்ற அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையே கடுமையானது. 1947 சூலை 15 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது டாலர் கையிருப்பு வேகமாகக் கரைந்ததால், ஆகத்து 20 அன்று மாற்றம் நிறுத்தப்பட்டது. இதனைக் காணக் கெயின்ஸ் உயிருடன் இல்லை.

1946 மார்ச்சில் சவன்னா நகரில் நடைபெற்ற நிதியத்தின் தொடக்கக் கூட்டத்தில், தலைமையகம் வாசிங்டனில் அமைவதை எதிர்த்துத் தோற்றார். திரும்பும் வழியில் தொடர்வண்டியில் மாரடைப்பு ஏற்பட்டது. ஏப்ரல் 21 அன்று சசெக்சில் உள்ள டில்டன் என்ற தமது பண்ணை வீட்டில் காலமானார். முதிய பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர்.

டாலருக்கும் தங்கத்துக்குமான இணைப்பை 1971 ஆகத்து 15 அன்று அமெரிக்கா துண்டித்தது. கெயின்ஸ் பேசி முடித்த கடனின் கடைசித் தவணையைப் பிரித்தானியா 2006 திசம்பரில் செலுத்தியது. 2009 இல் சீன நடுவண் வங்கியின் ஆளுநர் சோ சியாவோசுவான், ஒரு நாட்டின் நாணயத்தைச் சாராத பொதுச் சேமிப்பு அலகு வேண்டும் என எழுதியபோது, பாங்கோர் திட்டத்தை நினைவுகூர்ந்தார்.