சவாரித்தம்பரைக் கீறியவர்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் இரண்டாம் தளத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. நேற்றுப் பார்த்த செய்தியை இன்று மறந்துவிடுவார். போன மாதம் என் கைபேசியில் ஒரு பழைய சஞ்சிகையின் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், உடனே ஆளின் பெயரைச் சொன்னார். மெயில் வாகனத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமல் வந்து, தண்ணீர் கேட்டார்.

அவர் 1960களில் கொழும்பில் கிளறிக்கல் உத்தியோகம் பார்த்தவர். வெள்ளிக்கிழமை இரவு கோட்டையிலிருந்து மெயில் ரயில் ஏறி, சனி விடிய யாழ்ப்பாணத்தில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்பவும் ஏறுவார். மயில்வாகனம் என்ற நல்ல யாழ்ப்பாணப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றியதும், அந்த ரயிலிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த ஒரு தலைமுறை முழுவதும் கேலிக்குள் வந்துவிட்டது. பெரியப்பா சிரித்தது தன்னைப் பார்த்துத்தான்.

அந்தப் பெயரை மாற்றிய மனிதர் சி. சிவஞானசுந்தரம். ஊருக்குச் சுந்தர், வாசகருக்குச் சிரித்திரன் சுந்தர். 1924இல் வடமராட்சி கரவெட்டியில் பிறந்து, 1996 மார்ச்சில் மறைந்தவர். அவர் போய் ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் ஆகின்றன. என் வயதுக்காரர்களில் அவருடைய பெயர் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

நான் ஊடகக் கற்கை படித்தபோது, அமெரிக்காவின் அண்டர்கிரவுண்ட் கொமிக்ஸ் பற்றி இரண்டு விரிவுரைகள் நடந்தன. 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் ரொபர்ட் கிரம்ப் தன் ஸாப் இதழைக் குழந்தை தள்ளுவண்டியில் வைத்துத் தெருவில் விற்றதைக் கேட்டு வியந்து குறிப்பெடுத்தோம். பெரிய வெளியீட்டு நிறுவனங்கள் வேண்டாம், விநியோக வலைப்பின்னல் வேண்டாம், தன் சமூகத்தின் பொய்களைத் தானே கீறித் தானே அச்சடிப்பது என்பதுதான் அந்த இயக்கத்தின் சாரம் என்று சொல்லித் தந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, நாங்கள் பஸ் பிடித்துப் போய்வந்த இதே கொழும்பில், ஒரு தமிழர் ஏறக்குறைய அதைச் செய்திருந்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஒப்பீட்டை அதிகம் இழுக்கக்கூடாது. கிரம்ப் வரைந்ததில் பாதியைச் சுந்தர் கனவிலும் வரைந்திருக்கமாட்டார். அவருடைய சஞ்சிகை குடும்பமே சுற்றியிருந்து வாசித்த சஞ்சிகை. ஆனால் எவருடைய சம்பளத்திலும் இல்லாமல், எவருடைய அனுமதியும் கேட்காமல் வரைவது என்ற இடத்தில் இருவரும் ஒரே ஆட்கள்.

சுந்தர் இளவயதில் பம்பாய்க்குப் போனது கட்டடக்கலை படிக்க. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் எதிர்பார்க்கும் வகையான படிப்புத்தான். ஆனால் அந்தக் காலத்துப் பம்பாய் கேலிச்சித்திரத்தின் தலைநகரமாகிக்கொண்டிருந்தது. ஆர். கே. லக்ஷ்மணும், பிற்காலத்தில் சிவசேனாவைத் தொடங்கிய பால் தாக்கரேயும் ஃப்ரீ பிரஸ் ஜேர்னல் பத்திரிகையில் கேலிச்சித்திரக்காரர்களாக வேலை பார்த்தார்கள். டெல்லியில் சங்கர் 1948இல் தன் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டில் பிரதமரின் மூக்கை நீட்டி வரைந்துவிட்டு, அடுத்த நாள் அவருடனேயே தேநீர் குடிக்கலாம் என்ற நம்பிக்கை இருந்த காலம். சுந்தர் அங்கே கோட்டைக் கற்றுக்கொண்டார். வீட்டுத் திட்டம் கீறப் போனவர் மனிதர்களைக் கீறுபவராகத் திரும்பி வந்தார்.

அவர் திரும்பிவந்த இலங்கையில் நிலைமை வேறு. 1956 தனிச் சிங்களச் சட்டமும் 1958 கலவரமும் கொழும்புத் தமிழரின் நிம்மதியைக் குலைத்திருந்தன. 1958இல் கொழும்பிலிருந்து அகதிகளைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். அதே கொழும்புக்கு அந்த மக்கள் சில மாதங்களில் உத்தியோகம் தேடித் திரும்பியும் வந்தார்கள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும் என்று சொல்லும் சமூகம் வேறெங்கே போகும்? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று அறை வாடகைக்கு எடுத்து, சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பி, தங்கைக்குச் சீதனம் சேர்த்தார்கள்.

சுந்தரின் வாசகர்களும் அவர்களே, அவருடைய கேலிக்கு ஆளானவர்களும் அவர்களே. லேக் ஹவுஸ் நிறுவனத்தின் தினகரனில் சவாரித்தம்பர் தோன்றினார். பெயரிலேயே மாட்டுவண்டிச் சவாரியைச் சுமந்துகொண்டு வந்த, ஊர்க்குசும்பு மாறாத கிராமத்து மனிதர். கூட்டாளி சின்னக்குட்டி. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் சித்திரங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தன் ஊர் வேலியும் தன் ஊர்ப் பேச்சும் படத்தில் வந்தது பெரிய விடயம். எங்கள் பேச்சுத்தமிழ் அச்சில் ஏறினால் மட்டம் என்று நினைத்த பண்டிதர்கள் இன்னும் உயிரோடிருந்த காலம் அது. அதே காலத்தில் இலக்கியத்தில் மண்வாசனை, தேசிய இலக்கியம் என்று பெரிய விவாதங்கள் நடந்துகொண்டிருந்தன. சுந்தர் விவாதிக்காமல் கீறிக்கொண்டிருந்தார்.

பெரிய நிறுவனத்துக்குள் ஒரு கேலிச்சித்திரக்காரர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. சிற்றிசன் பெரேராவை உருவாக்கிய புகழ்பெற்ற பறங்கியர் ஓப்ரி கொலெட், 1960களின் தொடக்கத்தில் நாட்டைவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். சுந்தர் போகவில்லை. அதே தசாப்தத்தின் முற்பகுதியில் கொழும்பில் சொந்தமாகச் சிரித்திரனைத் தொடங்கினார். சிரிப்பையும் சித்திரத்தையும் ஒன்றாக முடிந்த பெயர்.

ஒரு சித்திரச் சஞ்சிகையை அன்று நடத்துவது என்னவென்று கணினியில் பக்கம் அமைக்கும் எங்களுக்கு விளங்காது. எழுத்தை ஈய அச்சில் ஒவ்வொன்றாகக் கோக்கவேண்டும். படத்துக்கு அது போதாது. இந்தியன் இங்கில் கீறிய படத்தை ஒளிப்படம் எடுத்து, நாகத் தகட்டில் பதித்து, அமிலத்தில் அரித்து, மரக்கட்டையில் ஆணி அடித்து புளொக் செய்யவேண்டும். புளொக்குக்குச் சதுர அங்குலக் கணக்கில் காசு. எழுத்துச் சஞ்சிகைக்காரர் ஒரு கதையை மூன்று பக்கம் நீட்டலாம். சித்திரக்காரருக்கு ஒவ்வொரு பக்கமும் செலவு. இலங்கையில் தமிழ்ச் சஞ்சிகைகள் ஏழெட்டு இதழுடன் மூச்சை விட்டதற்குக் காரணம் வாசகர் இல்லாதது மட்டுமல்ல. 1966இல் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா பிரதிகளைத் தானே சுமந்து விற்றார். சிரித்திரனும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததே.

அதன் பக்கங்களில் ஒரு சமூகமே குடியேறியது. சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் வந்தார்கள். மெயில் வாகனத்தார் வந்தார். ஊரில் வேலையில்லாமல் உடுப்பு மடிப்புக் கலையாமல் திரியும் மைனர் மச்சான் வந்தார். தாமோதரன் என்ற பெயரை ஆங்கில நாக்கில் புரட்டி எடுத்த மிஸிஸ் டாமோடிரன் வந்தார். மகுடி என்ற பெயரில் சுந்தர் கேள்வி பதிலும் எழுதினார். பலர் சஞ்சிகையைப் பின்பக்கமாகத் திறந்து முதலில் அதைத்தான் வாசிப்பார்களாம். பெரியப்பா அடித்துச் சொல்கிறார். சீதனம், சாதித்தடிப்பு, உத்தியோக மோகம், வெளியில் தமிழ் வீரம் பேசி வீட்டுக்குள் பிள்ளையை ஆங்கிலத்தில் அதட்டும் போலித்தனம் என்று எதையும் அவர் விடவில்லை. அரசாங்கத்தையும் இனவாதத்தையும் கேலி செய்தார்தான். ஆனால் சிரித்திரனை மற்றப் பத்திரிகைகளிலிருந்து பிரித்தது, கத்தி முதலில் தன் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

மிஸிஸ் டாமோடிரன் விடயத்தில் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. பழைய பக்கங்களைப் புரட்டும்போது, ஆங்கில மோகத்துக்கான அடி பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழுவதைக் காண்கிறேன். கோட்டும் ரையும் போட்டுக் கந்தோரில் ஆங்கிலத்தில் கோப்பெழுதிய ஐயாமாருக்கு அவர் கொஞ்சம் சலுகை காட்டினார். சவாரித்தம்பரின் பலவீனங்களை நாம் அன்போடு பார்க்கிறோம். டாமோடிரன் அம்மாவின் பலவீனத்துக்கு அந்த அன்பு கிடைக்கவில்லை. அந்தக் காலத்து ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துபோகலாம். ஆனால் மற்ற விடயங்களில் காலத்தைத் தாண்டிப் பார்த்த ஒருவர் என்பதால் இது உறுத்துகிறது.

எழுபதுகளில் சுந்தர் சஞ்சிகையோடு யாழ்ப்பாணத்துக்குப் போனார். இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்திய காலம். உள்ளூர் இதழ்களுக்கு அது ஒரு மூச்சு. காகிதத் தட்டுப்பாடு அதே மூச்சை மறுபக்கம் நெரித்தது. சிரித்திரன் அந்த இடைவெளியில் வளர்ந்தது. செங்கை ஆழியான் போன்றவர்கள் அதில் எழுதினார்கள். நகைச்சுவை எழுதுவது இலக்கியத்துக்கு இழுக்கு என்று நினைத்த இடத்தில் அதற்கென்று ஒரு திண்ணை கட்டிக்கொடுத்தார் சுந்தர்.

பிறகு நடந்தவை எங்களுக்குத் தெரியும். 1974 தமிழாராய்ச்சி மாநாட்டின் மரணங்கள். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தன, ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 1983இல் வெள்ளவத்தை வீதிகளில் என்ன நடந்தது என்று இங்கே எழுதத் தேவையில்லை. 1987 ஒக்ரோபரில் இந்தியப் படை ஈழமுரசு, முரசொலி பத்திரிகைகளின் அச்சகங்களைக் குண்டுவைத்துத் தகர்த்தது. யாழ்ப்பாணத்தில் அச்சு இயந்திரம் வைத்திருப்பதே ஆபத்தான தொழிலாகிவிட்டது. 1990இல் மின்சாரம் போயிற்று, பொருளாதாரத் தடை வந்தது. உதயன் பத்திரிகை பாடசாலைக் கொப்பித் தாளில் அச்சாகியது. இந்த வரிசையில் ஒரு சிரிப்புச் சஞ்சிகையின் மாத ஒழுங்கு குலைந்தது சிறிய சேதமாகத்தான் தெரியும்.

நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு சமூகம் மற்றவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒன்றும் தேவையில்லை. தன்னைப் பார்த்துச் சிரிக்க, கொஞ்சமாவது காலூன்றி நிற்க இடம் வேண்டும். எல்லாப் பக்கத்திலும் துவக்கு நின்ற ஆண்டுகளில் அந்த இடம் சுருங்கிக்கொண்டே போனது. எதிரி கேலி செய்ய வாய்ப்புக் கொடுக்கக்கூடாது என்பதற்காக நாங்களே எங்கள் குறைகளைப் பேசாமல் விட்டோம். சீதனம் இருந்தது, சாதி இருந்தது, முகாமில் தண்ணீர்க் குழாயடியில்கூட சாதி வரிசை போட்டது. கீறத்தான் ஆளில்லை. சுந்தரின் பழைய பக்கங்களில் எனக்குப் பிடித்தது அந்தத் துணிவு. எங்களை ஒடுக்குகிறார்கள் என்பதும், நாங்கள் ஒருவரை ஒருவர் ஒடுக்குகிறோம் என்பதும் ஒரே சஞ்சிகைக்குள், ஒன்றை ஒன்று மறைக்காமல் இருந்தன.

இந்த நாட்டில் கேலிச்சித்திரம் விளையாட்டு வேலையும் இல்லை. 2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமலாக்கப்பட்ட பிரகீத் எக்னலிகொடவும் ஒரு கேலிச்சித்திரக்காரர்தான். அவருடைய குடும்பம் வடக்குக் கிழக்கின் தாய்மாரைப் போலவே இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சுந்தர் மறைந்த 1996 மார்ச், வலிகாமம் மக்கள் இடப்பெயர்வில் இருந்த காலம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு மழையில் தொடங்கிய நடை. யாழ்ப்பாண நகரம் வெறிச்சோடி, சனம் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வன்னியிலும் சிதறிக் கிடந்தது. இரண்டு பை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்கள் உறுதியையும் பிறப்புச்சான்றிதழையும் எடுத்தார்கள். பழைய சிரித்திரனை யார் எடுப்பார்கள்? எங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்ததாம். திரும்பிப் போனபோது பெட்டியும் இல்லை, பெட்டி இருந்த அறைக்குக் கூரையும் இல்லை.

இன்று நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் சிரித்திரன் இதழ்களை யாரும் பணம் கொடுக்காமல் வாசிக்கலாம். நான் பெரியப்பாவுக்குக் காட்டியதும் அதிலிருந்துதான். தொகுப்பில் இன்னும் இடைவெளிகள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையை வாசிக்கும் உங்கள் வீட்டுப் பரணிலோ, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினரின் புத்தகப் பெட்டியிலோ, அட்டை போன ஒரு சிரித்திரன் கிடந்தால் பழைய பேப்பர்காரனிடம் போடாதீர்கள். மின்வருடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். பெரியப்பா தன்னிடம் ஒன்று இருந்ததாகவும், அதை வாங்கிப்போன நண்பர் திருப்பித் தரவில்லை என்றும் சொல்கிறார். நண்பரின் பெயர் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.