நெசவாளர் தந்த சூத்திரம்

நம்மில் அறிவியல் பயில்வோர் எவரும் சிம்சன் விதியைக் கற்காமல் தேர்வு எழுதியிருக்க முடியாது. வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கணிக்கும் அவ்விதியால்தான் தாமஸ் சிம்சன் என்னும் பெயர் நிலைத்திருக்கிறது. ஆயினும் அவருக்குரிய பெரும்புகழ் வேறிருவர் பெயரில் வழங்குகிறது என்பேன் நான்.

1710-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மார்க்கெட் பாஸ்வொர்த் என்னும் சிற்றூரில் நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார் சிம்சன். பையன் புத்தகமும் கையுமாகத் திரிவது தந்தைக்குப் பிடிக்கவில்லை. தறியில் உட்காரச் சொன்னார். பிணக்கு முற்றியது; மகன் வீட்டை விட்டே வெளியேறினார். 1724-இல் நிகழ்ந்த சூரிய கிரகணம் அவருள் வானியல் வேட்கையை மூட்டியிருந்தது. ஊர் ஊராகச் சுற்றிய வணிகர் ஒருவர் கொடுத்த கணித நூலைத் தாமே படித்துத் தேர்ந்தார். அந்த வணிகர் சோதிடமும் பார்ப்பவர். அதையும் கற்றுக்கொண்டு சில ஆண்டுகள் குறி சொல்லிப் பிழைத்தார் நம் கணித மேதை! முகஞ்சுளிக்க வேண்டாம், வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

பின்னர் லண்டன் சென்று, பகலில் தறி நெய்தார். மாலையில் கணிதம் கற்பித்தார். 1737-இல் நுண்கணித நூலொன்றை வெளியிட்டார். 1740-இல் வந்த அவரது கட்டுரைத் தொகுதியில்தான் நான் சொல்லவந்த செய்தி இருக்கிறது.

ஓர் எண்ணின் கனத்திலிருந்து அதன் இருமடங்கைக் கழித்தால் 5 வரவேண்டும், அவ்வெண் எது? 1669-இல் நியூட்டன் எடுத்துக்கொண்ட கணக்கு இது. 2 என்று உத்தேசமாகத் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் புதிய சமன்பாடு அமைத்து விடையை நெருங்கினார். 1690-இல் ராப்சன், ஒரே வாய்பாட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்படி அதைச் செப்பனிட்டார். இரண்டும் இயற்கணித வழிகளே. சிம்சனோ நுண்கணிதத்தைப் புகுத்தினார். சார்பின் மதிப்பை அதன் வகைக்கெழுவால் வகுத்து, உத்தேச விடையிலிருந்து கழிக்க வேண்டும், அவ்வளவுதான். சைன் வந்தாலும் மடக்கை வந்தாலும் முறை மாறாது. இரு மாறிகள் கொண்ட இரு சமன்பாடுகளுக்கும் அவர் வழி கண்டார். புதுமுறை என்றே அதற்குப் பெயரிட்டார்.

இக்கணக்கைக் கணிப்பொறியில் நிரலாக எழுதிப் பார்த்தேன். 2-இல் தொடங்கினால் முதற்சுற்றில் 2.1, அடுத்து 2.094568, மூன்றாவதில் 2.0945515. சுழலுக்குள் இருப்பது ஒரே வரி. அந்த வடிவில் அது சிம்சனுடையது. நம் பாடநூல்களோ நியூட்டன்-ராப்சன் முறை என்கின்றன. 1831-இல் வெளியான ஃபூரியேயின் நூலும் நியூட்டனையே கொண்டாடியது. சிம்சன் விதியையோ 1615-லேயே கெப்ளர் மதுப்பீப்பாய்களை அளக்கப் பயன்படுத்திவிட்டார். பிறருடையது அவர் பெயரில், அவருடையது பிறர் பெயரில்! வேடிக்கையன்றோ?

வாழ்நாளில் அவருக்கு மதிப்பில்லாமல் போய்விடவில்லை. 1743-இல் ஊலிச் இராணுவக் கல்விக்கூடத்தில் பேராசிரியரானார். 1745-இல் இராயல் சொசைட்டி உறுப்பினரானார். உடல் நலிந்து பிறந்த ஊருக்கே திரும்பியவர், 1761 மே 14 அன்று, ஐம்பதாம் வயதில் மறைந்தார்.