காலரா ஆளைக் கொல்வது எப்படி? முயல் குடலில் விடை கண்டுபிடித்த சம்புநாத் டே யார்?

காலரா கிருமியை ராபர்ட் கோக் 1884-லேயே கல்கத்தாவில் அடையாளம் கண்டுவிட்டார். ஆனால் அது ஆளை எப்படிக் கொல்கிறது என்பது இன்னும் 75 வருஷம் புதிராகவே இருந்தது. விடை கிடைத்ததும் அதே ஊரில்தான்.

சம்புநாத் டே, 1915-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்து, லண்டனில் 1949-ல் பிஎச்.டி. வாங்கினார். ஊர் திரும்பியதும் கையில் எடுத்தது காலராவை.

மற்றவர்கள் விலங்குகளுக்கு ஊசி போட்டு நச்சைத் தேடிக்கொண்டிருக்க, டே குடலிலேயே தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கட்டி, நடுவில் கிருமியைச் செலுத்தினார். நீர் கோத்து குடல் உப்பியது. அடுத்து, கிருமியை வடிகட்டிவிட்டு அது வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்திப் பார்த்தார். அப்போதும் உப்பியது! ஆக, ஆளைச் சாய்ப்பது கிருமி வெளியே விடும் நச்சுப் புரதம். 1959-ல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரை இரண்டே பக்கம்தான்.

நச்சு செல்லுக்குள் என்ன செய்கிறது?

இது பின்னாளில் தெரிந்த கதை. செல்லில் உருவாகும் பல புரதங்கள் எண்டோபிளாச வலைப்பின்னலில் இருந்து சவ்வுப் பைகளில் ஏறி கோல்கை உறுப்புக்கு வரும். அங்கே பிரித்து, எது எங்கே போகணுமோ அங்கே அனுப்பப்படும். கிட்டத்தட்ட கூரியர் ஆபீஸ்தான். வலைப்பின்னலிலேயே இருக்க வேண்டிய புரதம் தவறி வந்துவிட்டால், அதன் வாலில் உள்ள அடையாளத்தைப் பார்த்து திருப்பி அனுப்பப்படும்.

காலரா நச்சின் வாலிலும் அதே மாதிரி அடையாளம் இருக்கிறது. குடல் செல்லின் வெளிச்சவ்வில் ஒட்டி உள்ளே வரும் நச்சு, கோல்கை வழியாகப் பின்னோக்கி வலைப்பின்னலுக்குப் போய்விடும். அங்கே அதிலிருந்து ஒரு துண்டு பிரிந்து, கெட்டுப்போன புரதங்களை வெளியே தள்ளும் வழியில் நழுவும். அது கிளப்பும் சிக்னலால் குளோரைடு வெளியேறும் கதவு திறந்தே கிடக்கும். உப்போடு தண்ணீரும் குடலில் கொட்டும்.

ஆனால் செல் சாவதில்லை. சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழி அப்படியே இருக்கும். ஓ.ஆர்.எஸ். கரைசல் பிடித்துக்கொள்வது அந்த வழியைத்தான். ஜவ்வாது மலை புதூர்நாடு மாதிரி, பெரிய ஆஸ்பத்திரிக்கு மலை இறங்க வேண்டிய ஊர்களில் அந்த பாக்கெட்டின் மதிப்பே தனி.

டே 1973-ல் ஓய்வு பெற்றார். நோபல் வென்ற ஜோஷுவா லெடர்பெர்க், இவர் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கும் அழைப்பு வந்தது. நம்ம நாட்டு அறிவியல் அகாடமிகளோ, 1985-ல் அவர் இறக்கும்வரை ஒரு ஃபெல்லோ பதவிகூட தரவில்லை. பெங்களூருவின் கரன்ட் சயின்ஸ் இதழ் அவருக்குச் சிறப்பிதழ் போட்டது 1990-ல்.