வடலூரில் மூட்டிய அடுப்பு

கிளிநொச்சியிற் கண்டி வீதியினின்றும் சிறிது விலகி உட்புறமாகச் சென்றால் பழைய முறையில் நடக்கும் சைவச் சாப்பாட்டுக்கடை ஒன்றுண்டு. ஓலைக் கொட்டிலாக இருந்தது இன்று ஓட்டுக்கூரை பெற்றிருக்கிறது, மற்றெதுவும் மாறவில்லை. கணவர் அடுப்படியில் நிற்பார், மனைவியார் பரிமாறுவார், மகன் வாழையிலையைத் துடைத்துப் போடுவான். குத்தரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பாற்கறி, முருங்கையிலை வறை, சொதி, இரசம், அப்பளம். காசு கொடுத்து உண்ணும் இடமேயாயினும், இலையிற் சோறு குறைந்தவுடன் கேளாமலே மறுசோறு வந்து விழும். போதும் என்று கையை மறித்தாலும் அவ்வம்மையார் எளிதில் நம்புவதில்லை.

சென்ற தைப்பூசத்தன்று என்னிடம் யாப்பிலக்கணம் பயிலும் மாணவன் ஒருவனுடன் அங்கே உண்ணச் சென்றிருந்தேன். அடுப்படிச் சுவரில் ஒரு படம். தலையோடு உடலெல்லாம் வெள்ளாடை போர்த்த உருவம். அதன் முன்னே சிறு விளக்கு. அஃது ஓர் அம்மையாரின் படமா, துறவி ஒருவரின் படமா என்று மாணவன் மெல்லக் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது; பின்பு வெட்கமும் வந்தது. தமிழ் பயிலும் பிள்ளை வள்ளலாரை அறியாதிருத்தல் அவன் குற்றமன்று, கற்பித்தவன் குற்றம். நாவலர் மரபிற் பயின்ற எம்மனோர் வகுப்பறையில் இராமலிங்க அடிகள் பெயர் அதிகம் ஒலிப்பதில்லை. காரணம் யாவரும் அறிந்ததே. அதனைப் பின்னர்க் கூறுவேன். அன்று இலையின் முன்னிருந்து அவனுக்குச் சொல்லியவற்றையே இங்கு ஒழுங்குபடுத்தி எழுதுகின்றேன்.

சிதம்பரத்துக்கு வடமேற்கே மருதூர் என்னும் சிற்றூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் அடிகள் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க்கணக்கராகவும் பிள்ளைகட்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியராகவும் இருந்தவர். தாயார் சின்னம்மையார். குழந்தை பிறந்த சில திங்களிலே தந்தையார் மறைந்தார். ஐந்து மக்களையும் அழைத்துக்கொண்டு தாயார் சென்னையை நாடினார். ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமிப் பிள்ளை தெருவிற் குடும்பம் தங்கிற்று. தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து ஈட்டிய பொருளே வீட்டுக்கு உலையேற்றியது.

தம்பியோ பள்ளிக்குச் செல்லும் பிள்ளையாக இல்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே அவருக்குப் பள்ளியாயிற்று. தமையனார் வெகுண்டார், படிக்காத பிள்ளைக்கு இவ்வீட்டிற் சோறில்லை என்று கட்டளையிட்டார். அண்ணியார் அக்கட்டளையை முன்வாயிலில் மதித்தார், பின்வாயிலில் மதிக்கவில்லை. கணவர் அறியாமல் நாள்தோறும் அப்பிள்ளைக்கு உணவளித்து வந்தார். தந்தையாரின் திதி நாள் வந்தது. வீடு நிறைய உறவினர்; இலை நிறையப் பண்டங்கள். எல்லாரும் உண்டு சென்றபின் பின்புறத்தில் ஒளிந்து வந்து நின்ற பிள்ளைக்குப் பரிமாறும்போது அண்ணியாருக்குக் கண்ணீர் பெருகிற்று. பிள்ளை காரணம் கேட்டார். சொந்த வீட்டுத் திதிச் சோற்றைக் கள்வனைப்போல் உண்ண நேர்ந்ததே என்னும் துயரை அவர் சொன்னார். அன்றே பிள்ளை படிப்பதாக ஒப்புக்கொண்டார். ஓர் அறையும் விளக்கும் கண்ணாடியும் கேட்டுப் பெற்றார். கண்ணாடியின் முன் அமர்ந்து அவர் பெற்ற காட்சியைப் பற்றி வரலாற்றாசிரியர் விரித்தெழுதுவர். எனக்கோ கண்ணாடியிலும் அப்பின்வாயிலிலேயே கண் செல்கின்றது. மறுக்கப்பட்ட சோற்றின் வலியையும் மறைத்துக் கொடுக்கப்பட்ட சோற்றின் சுவையையும் இளமையிலே அறிந்தவர் பிற்காலத்து என்ன செய்தார் என்பதற்கு வித்து அங்கே கிடக்கின்றது.

கல்வி அவருக்கு ஓதாது வந்தது என்பர். நோயுற்ற தமையனாருக்கு ஈடாகச் சிறுவயதிலே பெரியபுராணச் சொற்பொழிவு செய்து அவையை வியப்பித்தமையும், ஒழிவிலொடுக்கம், தொண்டைமண்டல சதகம் முதலிய நூல்களைப் பதிப்பித்தமையும், மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூல் இயற்றியமையும் அவர் புலமைக்குச் சான்று. 1850ஆம் ஆண்டளவில் உறவினர் வற்புறுத்தலால் தமக்கையின் மகளை மணந்தார். இல்லறத்தில் அவர் மனம் ஒன்றவில்லை. 1858ஆம் ஆண்டளவிற் சென்னையை விட்டுச் சிதம்பரஞ் சென்று, பின்னர் வடலூரை அடுத்த கருங்குழியில் மணியக்காரர் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு தங்கினார். அவ்வாண்டுகளிற் சோறிட்டவர் ரெட்டியார் குடும்பத்தினர். இதனையும் நினைவிற்கொள்க. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறர் வீட்டு இலையிற் கழித்தவர் அவர்.

தம் பாடல்களை அச்சிட அடிகள் பல்லாண்டு இசையவில்லை. சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியார் கேட்டுக் கேட்டுச் சலித்தார்; இறுதியில் ஏடுகள் தம் கைக்கு வந்து சேரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளையே உண்பதென விரதம் பூண்டார். கெஞ்சலுக்கும் வாதத்துக்கும் இளகாத அடிகள் ஒரு மனிதர் தம் பொருட்டுப் பசித்திருக்கின்றார் என்று அறிந்ததும் இளகினார். விரதத்தை விட்டு இருவேளையும் உண்ணுமாறு வேண்டி எழுதினார். தம்மைச் சாமி என்று அச்சிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். தொழுவூர் வேலாயுத முதலியார் முதல் நான்கு திருமுறைகளை 1867ஆம் ஆண்டு வெளியிட்டார். இன்று திருவருட்பா நம் கையில் இருப்பதற்கு அடியார் ஒருவர் தவிர்த்த இராச்சாப்பாடும் ஒரு காரணமாகும்.

அதே ஆண்டு மே 23ஆம் நாள், வைகாசி 11, வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கிற்று. அதற்கு முன்னை ஆண்டுகள் கொடியவை. ஒரிசாவிலே 1866இற் பத்திலக்கம் பேர் வரையில் பட்டினியால் மாண்டனர். சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலும் மழை பொய்த்துத் தானிய விலை ஏறியது. பார்வதிபுரத்து மக்கள் தம் ஊரின் பெருவெளியில் ஏறத்தாழ 80 காணி நிலத்தை விலை பெறாது எழுதிக் கொடுத்தனர். அங்கே நீண்ட அடுப்பொன்று அமைந்தது: நீளம் 21 அடி, அகலமும் ஆழமும் இரண்டரை அடி. அடிகள் அன்று மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையாது காக்கப்பட்டு வருகின்றது. அயலூராகிய நெய்வேலியில் நிலத்தினடியில் எரியும் நிலக்கரி கிடப்பது அவர் காலத்தவர்க்குத் தெரியாது. நிலத்தின் மேல் மூட்டிய நெருப்பு அதற்கு முந்திக்கொண்டது.

பசித்தோர்க்கு உணவளித்தல் தமிழ்நாட்டில் அன்று புதிதாகத் தோன்றியதன்று. நடுநிசி மழையில், விதைத்த நெல்லை வாரிவந்து அடியார்க்கு அமுதாக்கிய இளையான்குடி மாறரைப் பெரியபுராணம் காட்டும். மணிமேகலை அமுதசுரபியை ஏந்திப் புகாரின் சிறைச்சாலையையே அறச்சாலையாக்கினாள். அப்பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் நம் நயினாதீவே என்பாருமுளர். சத்திரங்களும் மடங்களும் ஊர்தோறும் இருந்தன. ஆயினும் அச்சத்திரங்கள் பலவற்றில் இன்னாருக்கே பந்தி என்னும் வரம்பு இருந்தது. அடியார்க்கு, அந்தணர்க்கு, யாத்திரிகர்க்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலி. அடிகள் அவ்வேலியைப் பிடுங்கினார். சாதி, சமயம், ஊர், ஒழுக்கம் எதுவும் வாயிலிற் கேட்கப்படுவதில்லை. பசி ஒன்றே அங்கு நுழைவதற்குரிய தகுதி. சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடையில், உயிர்களுக்கு நேரும் இடர்களுள் முதலிற் போக்கத்தக்கது பசியே என்றும், அதனைப் போக்குதல் வழிபாட்டுக்கு உறுப்பாவது மாத்திரமன்றி வழிபாடே ஆகுமென்றும் அவர் நிறுவுகின்றார். பசித்தவனின் கண், காது, அறிவு, நடை ஒவ்வொன்றும் எவ்வாறு தளரும் என்பதை வைத்தியரைப்போல் அடுக்கிச் சொல்லும் அப்பகுதியைப் படிப்பவர், எழுதியவர் பசியை ஏட்டிற் கண்டவரல்லர் என்று உணர்வர். அவரோ இரண்டு மூன்று நாட்களுக்கொரு முறை சில கவளமே உண்டவர் என்று உடனிருந்த வேலாயுத முதலியார் பிற்காலத்திற் சொல்லியிருக்கின்றார்.

அவர் மறைந்து மூன்றாண்டின் பின் தென்னாட்டைப் பெரும்பஞ்சம் விழுங்கியபோது, அரசாங்கத்தின் தூதராக வந்த சேர் றிச்சட் ரெம்பிள், கல்லுடைக்கும் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஓரிராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இல் விதித்தார். வேலை செய்தாற் சோறு. அதுவும் நிறுத்தளந்த சோறு. வடலூரிற் கணக்கு வேறு. இவ்விரண்டையும் அருகருகே வைத்து மாணவர்க்குக் காட்டினால் வரலாற்றுப் பாடம் விளங்கும்.

இனி, முன்னர் ஒதுக்கிவைத்த செய்திக்கு வருவோம். நல்லூர் ஆறுமுக நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பிறந்தவர். அடிகளினும் பத்துத் திங்கள் மூத்தவர். திருமுறை என்னும் பெயர் பன்னிரு திருமுறைகட்கே உரியது, அருட்பா என்னும் பெயரும் அங்ஙனமே என்பது நாவலர் கட்சி. 1869இற் கண்டன நூல் வெளிவந்தது. மஞ்சக்குப்பம் நீதிமன்றில் வழக்கும் நடந்தது. அவ்வழக்கின் நிகழ்ச்சியை இரு சாராரும் இருவேறாக எழுதிவைத்துள்ளனர். பூசல் அவ்விருவர்க்குப் பின்னும் நம் மேலைப்புலோலி கதிரைவேற்பிள்ளை காலம்வரை தொடர்ந்தது. நாவலர் கொண்ட கொள்கையில் ஒரு நியாயம் உண்டென்றே யான் இன்றும் கருதுகின்றேன். நூற்பெயர்களில் வரம்பு வேண்டும். ஆனால் மாணவப் பருவத்தில் அப்பூசலையே கற்றுக்கொண்டு, அப்பாக்களைப் படிக்காதிருந்தேன். அது நாவலர் இட்ட கட்டளையன்று, என் சோம்பல்.

என் கண்ணைத் திறந்தது நூலன்று. 2009ஆம் ஆண்டு வைகாசியில் இவ்வன்னி நிலத்தில் ஒரு சிரட்டை உப்புக்கஞ்சிக்கு வரிசையில் நின்றவருள் யானும் ஒருவன். பண்டிதன் என்றோ ஆசிரியன் என்றோ அவ்வரிசையில் எவருமில்லை. எனக்கு முன்னே நின்ற முதியவர் தமக்குக் கிடைத்ததிற் பாதியை அயலில் நின்ற குழந்தையின் சிரட்டையில் ஊற்றினார். குழந்தை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. பின்னர், முகாமில் ஒருவர் வைத்திருந்த கிழிந்த புத்தகத்திற் சீவகாருணிய ஒழுக்கத்தை முதன்முறை படித்தேன். பசியால் அறிவு மயங்கும் முறையை அடிகள் எழுதியிருந்த பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்காற் கஞ்சி என்று உப்பிட்ட அரிசிக்கஞ்சியைக் காய்ச்சி வழிப்போக்கருக்கு வார்க்கின்றார்கள். அதற்குச் சில நாட்களின் பின் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய நாள் வருகின்றது. திங்கள் ஒன்றாயிருத்தல் தற்செயலே. ஆயினும் என் மனம் அவ்விரண்டையும் பிரித்தெண்ண மறுக்கின்றது.

அடிகளின் இறுதி ஆண்டுகளைச் சுருங்கக் கூறுவேன். 1870இல் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்திற் சித்திவளாகம் என்று தாம் பெயரிட்ட மனைக்குச் சென்றார். 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, வடலூர்ச் சத்திய ஞானசபையில் ஏழு திரைகள் நீங்கிச் சோதி வழிபாடு தொடங்கிற்று. 1873 அக்டோபரிற் கொடியேற்றிப் பேருபதேசம் செய்தார். தம் சொல்லைக் கேட்டு நடப்பார் இலர் என்னும் ஏக்கம் அவருக்கு இருந்தது. 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் இரவு அறையினுட் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பின்னர் எவரும் அவரைக் கண்டிலர். தென்னார்க்காட்டு ஆட்சியாளர் காசிடின் 1878இல் வெளியிட்ட மாவட்டக் கைந்நூலிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. அவரவர் நம்பிக்கைக்கேற்ப அக்கதவின் உட்புறத்தைப் பேசுவர். தருமச்சாலையின் கதவு அன்றும் அடைபடவில்லை என்பதில் மாத்திரம் கருத்து வேறுபாடில்லை.

நாவலர் பெருமானையும் ஈண்டு மறத்தலாகாது. 1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டியபோது அப்பெரியார் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகட்கு ஊட்டினார். கண்டன நூல் எழுதிய அதே கை, கஞ்சிக்கு அரிசி கேட்டுச் செல்வர்களிடம் நீண்டது. 1879 டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். பாடல்களின் பெயரைப் பற்றி ஒருநாளும் உடன்படாத இருவர், உலைப்பானையைப் பற்றி ஒருநாளும் வேறுபட்டதாகத் தெரியவில்லை. நாவலர் வரலாற்றைக் கற்பிக்கும் நாம் நூற்பதிப்பையும் சொற்பொழிவையும் விரித்துரைத்துக் கஞ்சித்தொட்டியை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றோம்.

இவ்வளவையும் கேட்டிருந்த மாணவன், அவ்விருவரும் என்றாவது ஒரு பந்தியில் அமர்ந்து உண்டிருப்பார்களா என்று கேட்டான். விடை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவ்வம்மையார் சோற்றுச் சட்டியுடன் வந்து நின்றார். அவன் கையை மறித்தான், பயனில்லை. இலையில் மறுசோறு விழுந்தது, அதன்மேல் இரசமும்.