கடனிலேயே வாழ்ந்து மறைந்த சார்லஸ் குட்இயர்

பெங்களூரு, மும்பை, கொல்கத்தா, டில்லி... எந்த ஊருக்குப் போனாலும் பெரிய சாலை ஓரத்தில் ஒரு பஞ்சர் கடை இருக்கும். வாசலில் பழைய டயர் ஒன்று தொங்கும். பலகையில் "பஞ்சர், வல்கனைசிங்" என்று எழுதியிருக்கும்.

கார் ஒன்று சக்கரம் தட்டையாகி வந்து நிற்கிறது. கடைக்காரர் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றுகிறார். டயரை நெம்பி டியூபை வெளியே எடுக்கிறார். காற்று அடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்குகிறார். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. அந்த இடத்தைத் துடைத்து, அரத்தால் தேய்த்து, ரப்பர் துண்டை வைத்து, இரும்புப் பிடியில் இறுக்கிச் சூடு ஏற்றுகிறார். சில நிமிடங்களில் ஒட்டுப்போட்ட துண்டு டியூபோடு டியூபாகச் சேர்ந்துவிடுகிறது.

இந்தச் சூட்டு ஒட்டின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் தம் வாழ்நாளையே கொடுத்தார். அவர்தான் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர்.

நொடித்துப்போன கடை

குட்இயர் 1800-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கனெக்டிகட் மாநிலம் நியூஹேவனில் பிறந்தார். தந்தை அமாசா, பொத்தான்களும் உழவுக் கருவிகளும் செய்து விற்றவர். மகனும் அதே தொழிலுக்கு வந்தார். 1824-ல் கிளாரிசா என்ற பெண்ணை மணந்தார். பிறகு பிலடெல்பியா நகரில் இரும்புச் சாமான் கடை வைத்தார்.

தொடக்கத்தில் வியாபாரம் நன்றாக நடந்தது. ஆனால் கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் திரும்பவில்லை. 1830-ம் ஆண்டு வாக்கில் கடை நொடித்தது. கடனைத் திருப்பித் தராதவர்களைச் சிறையில் அடைக்கும் சட்டம் அன்று அங்கே இருந்தது. குட்இயரும் சிறைக்குப் போனார். அதன் பிறகு எத்தனையோ முறை போய்வந்தார்.

கோடையில் உருகும் ரப்பர்

1834-ல் நியூயார்க்கில் ஒரு ரப்பர் கம்பெனியின் கடையில், நீரில் மிதக்க உதவும் காற்றுப் பை ஒன்றை அவர் பார்த்தார். அதன் வால்வு சரியில்லை என்று தோன்றியது. வேறு வால்வு செய்து கொண்டுபோய்க் காட்டினார். ஆனால் கம்பெனிக்கு வால்வைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் ரப்பர் கல்லாக இறுகியது. கோடையில் பசையாக உருகி நாற்றமடித்தது. வாங்கியவர்கள் எல்லாச் சாமானையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சரிசெய்வதே தம் வேலை என்று குட்இயர் முடிவு செய்தார். அவர் வேதியியல் படித்தவர் அல்லர். கையில் காசும் இல்லை. சிறைக்குள்ளேயே, சப்பாத்தி உருட்டுவது போன்ற ஓர் உருளையை வைத்துக்கொண்டு ரப்பரைப் பிசைந்து பார்த்தார். மக்னீசியாவைக் கலந்தார், சுண்ணாம்பைக் கலந்தார், நைட்ரிக் அமிலத்தில் தோய்த்தார். அமிலப் புகையில் உயிருக்கே ஆபத்து வந்தது. ரப்பராலேயே கோட்டும் தொப்பியும் செய்து அணிந்துகொண்டு தெருவில் நடந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அரசிடமிருந்து தபால் பைகள் செய்துதர ஆர்டர் கிடைத்தது. விடிவு வந்தது என்று குடும்பமே மகிழ்ந்தது. பைகள் வெப்பத்தில் கெட்டு உருகின. பெயரும் போயிற்று, நம்பிக் கடன் கொடுத்தவர்களும் போனார்கள்.

அடுப்பில் பட்ட துண்டு

நத்தானியல் ஹேவர்டு என்பவர் ரப்பரோடு கந்தகம் கலந்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். அந்த முறையின் உரிமையைக் குட்இயர் வாங்கினார். 1839-ம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலம் ஊபர்ன் என்ற ஊரில், கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று தற்செயலாகச் சூடான அடுப்பில் பட்டது. உருகி ஓட வேண்டிய ரப்பர் உருகவில்லை. தோல்போலக் கருகியது. கருகிய பகுதிக்குப் பக்கத்தில், வளைந்து நீளும் நல்ல ரப்பர் இருந்தது. குளிரில் வைத்துப் பார்த்தார். அது கல்லாக இறுகவில்லை.

ரப்பர் என்பது நீண்ட இழைகளின் கூட்டம். சூடு பட்டால் ஓர் இழை இன்னொன்றின் மேல் வழுக்கி ஓடும். கந்தகமும் சூடும் சேர்ந்தால் இழைக்கும் இழைக்கும் இடையே பாலம் விழும். பிறகு இழுத்தால் நீளும். விட்டால் பழைய நிலைக்கு வரும். இந்த விளக்கம் பிற்காலத்தில் வந்தது. குட்இயருக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணால் கண்டதுதான்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் கருகும். பஞ்சர் கடைக்காரர் பழக்கத்தால் அறிந்திருக்கும் அந்த அளவைப் பிடிக்கக் குட்இயருக்கு ஆண்டுகள் ஆயின. ஊரிலுள்ள அடுப்புகளைக் கேட்டு வாங்கிச் சோதித்தார். வீட்டுச் சாமான்கள் அடகுக்குப் போயின. சிறு வயதிலேயே பல குழந்தைகளைப் பறிகொடுத்தார். கிளாரிசா அத்தனையும் தாங்கினார்.

பெயர் வைத்தது போட்டியாளரின் நண்பர்

1844-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி அமெரிக்காவில் குட்இயருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அவருடைய ரப்பர்த் துண்டுகள் அதற்கு முன்பே இங்கிலாந்துக்குப் போயிருந்தன. அவற்றைப் பார்த்த தாமஸ் ஹான்காக் முந்திக்கொண்டு, 1843-லேயே அங்கே காப்புரிமைக்கு மனுச் செய்துவிட்டார். ரோமானிய நெருப்புக் கடவுள் வல்கனின் பெயரால் இதற்கு வல்கனைசிங் என்று பெயரிட்டவரும் ஹான்காக்கின் நண்பரே.

அமெரிக்காவிலும் பலர் அவரது முறையைத் திருடினார்கள். 1852-ல் டிரென்டன் நகரில் பெரிய வழக்கு நடந்தது. புகழ்பெற்ற டேனியல் வெப்ஸ்டர் குட்இயருக்காக வாதாடி வென்றார். வக்கீல் கட்டணம் 15,000 டாலர்! வழக்கில் வெற்றி, ஆனால் பையில் காசு தங்கவில்லை. கிடைத்ததையெல்லாம் குட்இயரும் மேலும் மேலும் சோதனைகளிலும் லண்டன், பாரிஸ் கண்காட்சிகளிலும் கொட்டினார்.

1855-ல் பாரிஸில் கடனுக்காக மறுபடி சிறை. பிரெஞ்சு மன்னர் அளித்த உயர்ந்த விருதுப் பதக்கம் சிறைக்குள்ளே அவரிடம் வந்து சேர்ந்தது.

இறுதி நாள்

1860-ல் மகள் சாகக் கிடக்கிறாள் என்று கேட்டுப் புறப்பட்டார். நியூயார்க் வந்து சேர்ந்தபோது, மகள் இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. நிலைகுலைந்து விழுந்தவர் எழவில்லை. ஜூலை 1-ந் தேதி உயிர் பிரிந்தது. விட்டுச் சென்ற கடன் சுமார் 2 லட்சம் டாலர்.

அவர் காரையும் கண்டதில்லை. காற்றடைத்த டயரில் பயணம் செய்ததும் இல்லை. டன்லப்பின் டயர் வந்தது 1888-ல். 1898-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய டயர் கம்பெனி, மரியாதைக்காக அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அந்தக் கம்பெனியில் அவருக்கோ குடும்பத்துக்கோ எந்தப் பங்கும் இல்லை.

கடன் தலைக்கு மேல் இருக்கையில் குடும்பத்தைப் பட்டினி போட்டு ரப்பரைப் பிசைந்தது சரியா? அன்றைய அண்டை வீட்டார் சரியில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். கிளாரிசாவின் கண்ணீருக்கு எந்தப் பதக்கமும் ஈடாகாது. ஆனால் நடுவழியில் பஸ் நின்று, பஞ்சர் ஒட்டி, மறுபடி கிளம்பி, நேரத்தோடு வீடு போய்ச் சேருகிறவர் ஒவ்வொருவரும் அந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்தாம்.