கடிதத்தில் நடந்த குடும்பம்

கணவர் ஓர் ஊரில். மனைவி ஓர் ஊரில். இருவருக்கும் நடுவே தபால்காரர்!

இப்படிப் பல காலம் குடும்பம் நடத்தியவர் யார் தெரியுமா? சிறுகதை மன்னர் என்று பெயர் பெற்ற புதுமைப்பித்தன்!

முக்கூடலைத் தொட்டு ஓடும் தாமிரபரணிதான் திருநெல்வேலிக்கும் போகிறது. அந்தத் திருநெல்வேலிதான் அவருடைய சொந்த ஊர். இயற்பெயர் விருத்தாசலம். 1906-ம் ஆண்டில் பிறந்தார். தகப்பனார் தாசில்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார்.

கல்யாணம்

1931-ல் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். அதே ஆண்டில் கல்யாணம். மணமகள் கமலா, திருவனந்தபுரத்துப் பெண்.

தகப்பனாருக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. எழுத்தை நம்பிச் சென்னைக்குப் புறப்பட்டார். "மணிக்கொடி"யில் கதைகள் எழுதினார். பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை! பிறகு "தினமணி"யில் வேலை பார்த்தார். பத்திரிகைச் சம்பளத்தில் பட்டணத்தில் குடித்தனம் நடத்துவது லேசான காரியமா? கமலா பல சமயம் தாய்வீட்டிலேயே இருக்க நேர்ந்தது.

பிரிவு என்றால் கவலைதானே! அவள் உடம்பு எப்படியோ என்று இவருக்குக் கவலை. பதில் கடிதம் வராவிட்டால் தவிப்பு. அந்தக் கடிதங்கள் பின்னாளில் புத்தகமாகவே வந்தன.

செல்லம்மாள்

அவர் எழுதிய ஒரு கதையின் பெயர் "செல்லம்மாள்". பட்டணத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் கணவர். ஓயாத நோயாளியான மனைவி. சமைப்பதும், மருந்து கொடுப்பதும், டாக்டரைத் தேடி ஓடுவதும் அவரே. வறுமையிலும் அந்தக் கணவர் மனைவியின் பக்கத்தில் இருந்தார். கதையை எழுதியவருக்கோ அந்தப் பாக்கியமும் எப்போதும் கிடைக்கவில்லை!

கடைசிப் பயணம்

1946-ல் மகள் பிறந்தாள். சினிமாவுக்கு வசனம் எழுதினால் கஷ்டம் தீரும் என்று நம்பினார். "ராஜமுக்தி" படத்துக்காகப் புனா சென்றார். அங்கே காசநோய் அவரை வீழ்த்தியது. உடல் உருக்குலைந்து, திருவனந்தபுரத்துக்கு, மனைவியிடம் வந்து சேர்ந்தார்.

காசநோயைத் தீர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை அமெரிக்காவில் 1943-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால், 1948-ல் நம் நாட்டு ஏழைக்கு அது எட்டாத மருந்து. அந்த ஆண்டு ஜூன் 30-ந் தேதி அவர் கண்ணை மூடினார். வயது 42. மகளுக்கு வயது இரண்டு!

கமலா கலங்கி உட்கார்ந்துவிடவில்லை. மகளை வளர்த்து ஆளாக்கினார். அவரும் ஒரு கதாசிரியை.

இன்று காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை உண்டு. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட்டால் போதும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பிழைப்புக்காகப் பிரிந்து வாழும் கணவன்-மனைவி இன்றும் உண்டு. ஊரிலிருந்து பேச்சு வரும்போது, பணம் வந்ததா என்று கேட்பதற்கு முன்னால், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்!